ஆட்டின் இரண்டு

மார்ச் 3

நாத்தனாருக்கு,

அன்பு என்று எழுதக் கை வரவில்லை. நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். பிரிட்ஜ் சீட்டாட்ட இறுதியாட்டத்தை அந்த வங்கி மேலாளர் ஜோடிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயே! பதின்மூன்று பிடியில் ஒன்பதை எடுத்துக் காட்டுவதாகச் சொன்னவர் அவர். தடுக்க நமக்கு ஐந்து பிடி போதும். உன் டைமன் ஏஸ் ஒன்று. என் கையில் இதயச் சின்ன ஆட்டினில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி நான்கும் காத்துக் கிடந்தன. அடுத்து நீ ஓர் ஆட்டினை இறக்கியிருந்தால் அவர் கதை முடிந்தது. கிளாவரை இறக்கினாய்! "புத்தி இருக்கா உனக்கு?" என்று நான் கத்தியது தப்பே இல்லை. இரண்டு நாளாக உன் அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவும் உன்னால்தான்.

அண்ணி

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு அன்பு என்று எழுத வருகிறது. கோபமும் சேர்ந்தே வருகிறது. நாற்பது பேர் முன்னால் கத்தினீர்கள்.

நான் டைமன் ஏஸால் பிடித்தபோது, கையில் டைமன் இல்லாத நீங்கள் போட்டது ஆட்டின் இரண்டு. சின்னச் சீட்டு என்றால் 'இந்த இனத்தை இறக்காதே' என்பது நம் ஏற்பாடு. ஆனால் அதை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, என்னையே முறைத்தீர்கள். ஆட்டின் கேட்கிறீர்கள் என்று அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் போடவில்லை. சீட்டு மட்டும்தான் பேசலாம். தட்டலைக் கேட்டு ஜெயித்தால் அதற்குப் பெயர் திருட்டு, அண்ணி. கோப்பை போனதில் எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் நீங்கள் மன்னிப்புக் கேட்காமல் ஜோடியாக உங்கள் எதிரே இனி உட்கார மாட்டேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 11

அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒட்டவைத்துப் படித்தேன். தட்டினேனா? நானா? நேற்று கிளப்பில் அந்த மேலாளரிடமே போய்க் கேட்டேன்.

"ஆமா மேடம், தட்டினீங்க. அவங்க ஆட்டின் இறக்கியிருந்தா நடுவரைக் கூப்பிட்டிருப்பேன்."

பக்கத்து மேசைப் பல் டாக்டர் சிரித்துக்கொண்டே, "எட்டு வருஷமாத் தட்டறீங்களே!" என்றார்.

உடம்பெல்லாம் கூசிப்போனது. எல்லார் முன்னாலும் கத்தியவள் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "என் நாத்தனாருக்குப் புத்தி இருக்கு. எனக்குத்தான் இல்லை." ஒருவரும் சீட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

மன்னித்துக்கொள். ஆனால் எட்டு வருஷம் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாயே, ஒரு தடவையாவது "அண்ணி, இது தப்பு" என்று சொல்லியிருக்கக் கூடாதா? அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. சனிக்கிழமை வந்து சேர். நேரில் திட்ட வேண்டியிருக்கிறது.

உன் அண்ணி