லுவா இறந்த நாள்

நாய் வருடம் (1946), முதல் மாதம், ஆறாம் நாள்

நாற்றைப் பிடுங்கிய அன்று வயலில் இருந்தவர்கள்: நான். என் மகன் தாவ். என் தம்பி குவாத். அவன் மனைவி லுவா. ஊர்த்தலைவர். ஜப்பான் சிப்பாய் ஒருவன் — பெயர் தெரியாது, பல்வலிக்காரன் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அது இரண்டு வருடத்துக்கு முந்தின குரங்கு வருடம், இரண்டாம் மாதம். நாற்று அப்போதுதான் வேர் பிடித்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுச் சணல் போடச் சொன்னார்கள். பட்டாளத்துக்குச் சாக்கு வேண்டுமாம். வயலை அளக்கிற கயிறு குவாத் கையில் இருந்தது. "அக்கா, நீ பிடுங்கலேன்னா என் தலைதான் போகும்" என்றான். பிடுங்கினேன். பக்கத்தில் குனிந்திருந்த லுவா, "அண்ணி, சணலுக்கு எத்தன கொதி விடணும்?" என்று கேட்டாள். சிரித்துவிட்டோம். என்னவென்று தெரியாமலே சிப்பாயும் சிரித்தான்.

எழுதப் பழகி நான்கு மாதம் ஆகிறது. முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

முதல் மாதம், ஒன்பது

சந்தை வாசலில் பலகை. எழுதியிருப்பதைப் படித்தால் நேர் வழி. படிக்காதவர்களுக்குச் சேற்று வழி, அதற்குக் குருடர் வாசல் என்று பெயர். நான் படித்துவிட்டு நேராகப் போனேன். சேற்றில் வந்த வாத்துக்காரிக்குப் பொறுக்கவில்லை. "இந்த வயசுல படிப்பு எதுக்கு ஆத்தா? புது மாப்பிள்ளைக்குக் கடுதாசி போடவா?"

"செத்தவங்களுக்கு" என்றேன்.

பொய்யில்லை. போன சேவல் வருடத்துப் பஞ்சத்தில் ஊரில் பாதிப்பேர் போனார்கள். வண்டியில் அள்ளி ஒரே குழியில் போட்டார்கள். யார் என்றைக்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது. பசித்துக் கிடக்கிறவனுக்கு ஏது தேதி? இறந்த நாள் தெரியாவிட்டால் வருடச் சோறு எந்த நாளில் வைப்பது? வீட்டை விட்டுக் கடைசியாகப் போன நாளில் வைக்கிறார்கள். அது ஒப்புக்கு. செத்தவருக்குத் தன் நாள்தான் தெரியும், அன்றைக்குத்தான் வருவார்.

எனக்கு எதுவும் மறக்காது. பதினேழு பேரின் நாளை அவரவர் வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் தலை போனால் அவையும் போகும். அதற்குத்தான் இந்த நோட்டு.

முதல் மாதம், பத்தொன்பது

இன்று தாவின் நாள். சோறு வைத்தேன். "அப்பாவுக்கு இன்னும் ஒரு அகப்பை போடு பாட்டி" என்றாள் பேத்தி முய். போட்டேன்.

முதல் மாதம், இருபத்து மூன்று

எங்கள் ஊரில் ஒரு குண்டுகூட விழவில்லை. பிறகு எப்படி இத்தனை பேர்? எழுத்துச் சொல்லித்தரும் இயெனிடம் கேட்டேன். சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். "உலகம் பூரா சண்டை பாட்டி. நம்ம நெல்லைப் பிரெஞ்சுக்காரன் பிடுங்கி ஜப்பான்காரனுக்குக் கொடுத்தான். தெக்கேருந்து அரிசி வர்ற பாலத்தையெல்லாம் விமானம் வந்து உடைச்சிருச்சு."

"சரிம்மா. அவங்கல்லாம் தூரத்துல இருந்தாங்க. கயிறு பிடிச்சவன் பக்கத்துலதானே நின்னான்?"



இரண்டாம் மாதம், மூன்று

குவாத் வந்தான். நாடு விடுதலையான பிறகு ஊர் திரும்பியவனோடு நான் பேசுவதில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்: "எட்டாம் நாள் லுவாவுக்குச் சோறு வெக்கிறேன். நீ வரணும் அக்கா."

எட்டு! அவள் நாள் அது இல்லை.

இரண்டாம் மாதம், நான்கு

எழுதிவிடுகிறேன்.

பஞ்சத்தில் குவாத் பட்டணத்துச் சணல் கிடங்கில் காவல் இருந்தான். அவனுக்கு அங்கே சோறு உண்டு. இங்கே லுவா வாழைக் கிழங்கைத் தின்றாள், அதுவும் தீர்ந்தது. போன வருடம் இரண்டாம் மாதம், எட்டாம் நாள், அரை நாள் நடந்து கிடங்குக்குப் போனாள். வாசலில் சிப்பாய், "இவ யாரு?" என்று கேட்டான். குவாத் அவள் முகத்தைப் பார்த்து, "தெரியாது" என்றான்.

அவள் திரும்பி வந்து ஆற்றுக்கரையில் விழுந்தாள். நான்தான் தூக்கி வந்தேன். தவிட்டுக் கஞ்சி ஊற்றினேன். மூன்று நாள் இருந்தாள். "ஆள் அனுப்புறேன்டி, வரட்டும்" என்றேன். "வேணாம் அண்ணி. சிப்பாய்ங்க அவரை அடிப்பாங்க. நான் இப்பிடிக் கெடந்தேன்னு அவருகிட்ட எப்பவும் சொல்லாதீங்க." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதினோராம் நாள், சேவல் கூவும் நேரம், போனாள்.

அன்றைக்கே, திரும்புகிற வழியிலேயே செத்தாள் என்று குவாத் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் மாதம், ஐந்து

அவளுக்குக் கொடுத்த வாக்கா, அவளுக்கு வரவேண்டிய சோறா?

இரண்டாம் மாதம், ஏழு

பட்டினியால் செத்தவளை வருடா வருடம் பட்டினி போட என்னால் ஆகாது. என்னை மன்னித்துக்கொள், லுவா.

ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதினேன்: லுவா. இரண்டாம் மாதம். பதினொன்று. கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். அரிசி கழுவிக்கொண்டிருந்தான். ஈரக் கையோடு எழுத்துக் கூட்டிப் படித்தான். விரலை மடக்கி எண்ணினான்.

"மூணு நாளா?"

"மூணு நாள்."

"எங்க இருந்தா?"

"என் பாயில."

"என்னைக் கேட்டாளா அக்கா?"

"உன்னை அடிப்பாங்கன்னு பயந்தா. வாசல்ல நடந்ததையும் சொன்னா."

அரிசிப் பானைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் அவனைத் தேற்றவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாம் மாதம், பதினொன்று

போனேன். லுவாவுக்காகப் போனேன். சோறு, அவித்த முட்டை, ஆற்று மீன். ஊதுவத்தி ஏற்றியபின் வீட்டு ஆண்மகன் இறந்தவரின் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும், அது வழக்கம். முதல் தடவை வாய்க்குள் முணுமுணுத்தான். "சத்தமாச் சொல்லுடா, அவளுக்குக் கேக்கணும்" என்றேன். சொன்னான். தெருவில் போனவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குச் சொன்னான். தெரியாது என்ற அதே வாய்.

அவள் வந்திருப்பாள். சோற்றைப் பார்த்திருப்பாள்.

அவன் கயிறு பிடித்ததை விட்டுவிட்டேன். அவன் இல்லாவிட்டால் இன்னொருவன் பிடித்திருப்பான். பல்வலிச் சிப்பாயையும் விட்டேன், அவனுக்கும் எங்கோ ஒரு தாய் நாள் தெரியாமல் காத்திருப்பாள். கிடங்கு வாசலில் சொன்னதை விடமாட்டேன். அடுத்த வருடமும் இதே நாளில் போய், அவன் கூப்பிடுகிறானா என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

மன்னிக்கமாட்டேன். பெயரையும் எழுதிவைக்கிறேன், என் தாய் பெற்ற தம்பிதான்: குவாத்.