அப்பாவாக நீ பேசிய அன்று

எங்கள் வீட்டு வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். என் மானம் மட்டும் இன்னும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

உன் உதவித்தொகைக் குழுவினர் கம்ப்யூட்டரில் என்னிடம் பேசி முடித்ததும், பெரிய மனிதர்களாயிற்றே என்று எழுந்து நின்று கும்பிட்டேன் அல்லவா? மேலே அம்மா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கீழே லிஃப்ட் ரிப்பேருக்குப் போட்டுப் போகும், கிரீஸ் அப்பிய அரைக்கால் டவுசர். இடுப்புக்குக் கீழே தெரியாது என்று அடித்துச் சொன்னவள் உன் அம்மா. இப்போது கேட்டால், உட்கார்ந்திருந்தால் தெரியாது என்றுதான் சொன்னேன், உங்களை யார் துள்ளி எழச் சொன்னது என்கிறாள். நல்லவேளை, டவுசரை நீ மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நீ தேர்வாகிவிட்டாய் என்பதைத் தெரு முழுக்க அம்மா சொல்லியாயிற்று. அது என்ன படிப்பு என்று எதிர்வீட்டு டீச்சர் கேட்டார். ஒருவர் பேசுவதை இன்னொருவருக்கு அவர் பாஷையில் எடுத்துச் சொல்வது என்றேன். இங்கே பேசியதை அங்கே சொல்லப் படிப்பு வேறு வேண்டுமா, என் மாமியார் படிக்காமலே செய்கிறாரே என்றார்.

தேர்வின் அந்தக் கடைசிச் சுற்றைப் பற்றி நீ முன்பே சொல்லியிருந்தாய். குழுவினரின் பாஷை தெரியாத வீட்டு ஆள் ஒருவரைப் பேசவிட்டு, நீ அதைச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அவரே பேசுவதுபோல ‘நான்’ என்றே பேச வேண்டும் என்று. புரிந்ததுபோலத் தலையாட்டினேன். என் மகள் பிடிவாதக்காரி என்று நான் சொல்ல, அதை நீயே அவர்களிடம் சொன்னபோதுதான் நிஜமாகப் புரிந்தது. பட்டனை அமுக்கிவிட்டு லிஃப்டுக்குக் காத்திருப்பதுபோல நான் காத்திருந்தேன். சற்றுப் பொறுத்து குழுவின் மூன்று பேரும் சிரித்தார்கள்.

பிறகு அந்தத் தலைவரம்மா கேட்டார். படிப்பும், முடித்ததும் அங்கேயே மருத்துவமனையில் வேலையுமாக ஐந்து வருஷம் உங்கள் மகள் தூரத்தில் இருப்பாள், சம்மதமா என்று. நீ அதைத் தமிழில் சொல்லிவிட்டு, பேனாவைப் பிடித்தபடி குனிந்துகொண்டாய். நான் பேசவில்லை. நீ நிமிரவும் இல்லை. கடைசியில், அவள் போனால் காலையில் குளியலறை எனக்குக் கிடைக்கும், முழுச் சம்மதம் என்றேன்.

கையெழுத்துப் போடப் போன ஊரிலிருந்து, அந்த மௌனம் எதற்கு, மனசில் இருப்பதைச் சொல்லுங்கள், வேண்டாமென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால்தான் கடிதம்.

முதலில் கையெழுத்தைப் போடு. போன மாதம் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தேன். எந்த நாட்டுக்காரரோ, ஒரு பெரியவர் வயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டரும் நல்லவர்தான், ஆனால் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்துக் கத்தினார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அது உன் இடம், கண்ணு. விட்டுவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. ஊரார் பேச்சையெல்லாம் பேசிப் பேசி, உன் பேச்சை மறந்துவிடாதே. எங்கே நின்றாலும் நிமிர்ந்து நில். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
அப்பா

கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போடாமல் இதைப் படித்தால் அப்பாவை ஏமாற்றியதாகும்.

அன்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நான் சொல்லியிருந்தால், கூட்டாமல் குறைக்காமல் அதை நீ உன் வாயாலேயே அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதனால் விழுங்கிவிட்டேன்.

போகாதேம்மா.