உள் டயருக்கு வைத்த எலுமிச்சம்பழம்

கூப்பிட்டால் "என்னா டீச்சர்?" என்று திரும்புகிற என் அண்ணனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் வண்டிக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தேன். முகம்கூடக் கழுவவில்லை. இடது பக்கம், பின்னால், உள் டயருக்கு முன்னால். பிறகு ஏறி உட்கார்ந்து, நீ சொல்லித் தந்தபடி கிளட்சை மெல்ல விட்டு, இரண்டடி நகர்த்தினேன். பழம் வெடித்துச் சாறு சிமெண்டுத் தரையில் தெறித்தது.

இறங்கி, அந்த ஒரு டயரின் காற்றை முழுக்க வெளியே விட்டேன். இன்னொரு பழம் வைத்தேன். மறுபடி இரண்டடி. குனிந்து பார்த்தபோது, ஒரு பக்கம் லேசாகச் சப்பிப்போய், தோல் கிழியாமல், முழுசாகக் கிடந்தது. அன்றைக்குக் கிடந்த மாதிரியே.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, இப்போது இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதைப் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாது. மூன்று டன் பழைய லோரி ஒன்றை வாங்கி, நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்து, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு வீடாகவே ஆக்கினாய். எஸ்டேட் விற்றுப் போனபோது லயத்து வீட்டை விட்டு நம்மை ஒரே வாரத்தில் கிளம்பச் சொன்னார்களே, அதை நீ மறக்கவே இல்லை. "இந்த வீட்ட எவனும் காலி பண்ணச் சொல்ல முடியாதுலா. சொன்னா ஸ்டார்ட் பண்ணிப் போயிட்டே இருப்பேன்" என்பாய்.

அந்த வண்டிக்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயர். ஒன்று வெளியே, ஒன்று அதை ஒட்டி உள்ளே. உள் டயரின் வால்வு எங்கோ உள்ளே ஒளிந்திருக்கும். காற்று அடிக்க வேண்டுமானால் வெளிச் சக்கரத்து ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். அதற்காகத்தான் வளைகிற நீட்டுக் குழாய்கள் வாங்கி, உள் வால்வில் மாட்டி, நுனியை வெளியே இழுத்துக் கட்டிவைத்தாய். நின்றபடியே காற்று அடிக்கலாம் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டாய்.

முதல் பயணம் ஹுத்தான் மெலிந்தாங்குக்கு. கடலோரத்தில் இரண்டு நாள். கோயில் வாசலில் பூசை முடிந்ததும் டயருக்கு ஒரு பழம் என்று அண்ணி நாலு பழம்தான் கொண்டுவந்திருந்தாள். நீ சிரித்தாய். "உள்ள ரெண்டு பேரு இருக்காங்க, அவங்களுக்கும் வையி டீச்சர். அப்புறம் கோவிச்சுக்குவாங்க." நான்தான் கடைக்கு ஓடிப்போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தேன். உள் டயர்களுக்கு நான்தான் குனிந்து வைத்தேன்.

வண்டி நகர்ந்தது. ஐந்து பழம் நசுங்கியது. இடப்பக்கத்து உள் டயர் ஏறிப்போன பழம் மட்டும் ஒரு பக்கம் லேசாகச் சப்பி, முழுசாகவே கிடந்தது.

சகுனம் சரியில்லை என்று நினைத்தேன். அண்ணி பார்த்தால் பயணத்தையே நிறுத்திவிடுவாள். நான்கு வருஷம் நீ காத்திருந்த நாள் அது. யாரும் திரும்புவதற்குள் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நான் வண்டியில் ஏறவில்லை, பள்ளியில் வேலை இருந்தது. நீ கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாய். நானும் ஆட்டினேன். பழம் பையில் இருந்தது.

அப்புறம் நடந்ததை அண்ணி சொல்லித்தான் அறிவேன். கடற்கரைக்குக் கொஞ்சம் முன்னால் ரப்பர் கருகும் வாடை வந்திருக்கிறது. நிறுத்தி இறங்கிப் பார்த்திருக்கிறாய். உள் டயரில் காற்றே இல்லை. நீட்டுக் குழாய் கசிந்திருந்ததால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சக்கரத்தோடு முகத்தை ஒட்டிவைத்து, உள்ளே கையை விட்டு, நேராக வால்வில் காற்று அடித்திருக்கிறாய். காற்றில்லாமல் நசுங்கி வெகுதூரம் ஓடிய டயர் அது. பக்கவாட்டில் கிழிந்து வெடித்தது.

ஏழு மாதமாக அண்ணி வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறாள். "சீக்கிரம் அடிங்க, பிள்ளைக்குப் பசிக்குதுன்னு நான்தான் சொன்னேன். நிதானமாத்தான் செஞ்சிருப்பாரு. நான்தான் அவசரப்படுத்திக் கொன்னுட்டேன்." உன் மகள் திவ்யா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டால் அண்ணி நாலு வாய் சாப்பிடுகிறாள். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பிள்ளை தன் பசியைப் பற்றி வீட்டில் வாயைத் திறப்பதே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விதி அண்ணி." அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

வண்டியைப் பார்க்க அண்ணியால் முடியவில்லை, அதனால் வெடித்த டயரை மாற்றியதிலிருந்து என் வீட்டு வாசலில் நிற்கிறது. தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு வயதான தம்பதி அதை விலைக்கு வாங்கி, சனிக்கிழமை வந்து எடுத்துப் போகிறார்கள். அந்தக் குழாய்களோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. போன வாரம் புந்தோங் டயர் கடை முனியாண்டி அண்ணனைக் கூட்டி வந்தேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெளியே நீண்டு வருகிற, ஆடாத பித்தளை வால்வுகளை மாட்டினார். பேச்சுவாக்கில் கேட்டேன், உள் டயர் காற்றில்லாமல் ஓடுகிறது என்று அண்ணனுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று.

"எப்படித் தெரியும்? உள்ள இருக்கிறது செத்துப் போனாலும் வெளிய இருக்கிறது தாங்கிக்கும்லா. ரெண்டு பேரு பாரத்தையும் ஒருத்தன் தூக்கிட்டு நிப்பான். பார்த்தா ஒன்னும் தெரியாது. அடியில ஏதாச்சும் வச்சு ஏத்திப் பார்த்தாத்தான் தெரியும்."

அடியில் வைத்தோமே அண்ணே. ஏற்றிப் பார்த்தோமே. அந்தப் பழம் சகுனம் எதுவும் சொல்லவில்லை, காற்று இல்லை என்று சொன்னது. அழுத்தம் என்றால் என்ன என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். "அண்ணே, இது மட்டும் நசுங்கலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நீ அங்கேயே மண்டி போட்டிருப்பாய். இருபது வருஷம் கமுந்திங் தொழிற்சாலைக்கு லோரி ஓட்டினவனுக்கு ஒரு நொடி போதாதா?

ஒரு வாரமாக இதை நம்பாமலிருக்க எல்லாக் காரணமும் தேடினேன். டயர் அப்போது நன்றாகவே இருந்திருக்கலாம், பழம் விலகி உருண்டிருக்கலாம், வழியில்தான் கசிந்திருக்கலாம். அதனால்தான் இன்று காலை அந்த இரண்டு பழங்கள். இனித் தேட ஒன்றும் மிச்சமில்லை. நீ இருந்தால் என்ன சொல்வாய்? திட்டுவாயா? "விடு டீச்சர்" என்பாயா? எது என்று தெரிந்தால்கூடக் கொஞ்சம் தூங்குவேன்.

அன்றைய பழம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. காய்ந்து கருத்து, கல் மாதிரி ஆகிவிட்டது. தூக்கிப் போடவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

இதை எழுதுவதற்கு முன் அந்த டயருக்கு மறுபடி காற்று அடித்துவிட்டேன். வால்வில் கவ்வுகிற பிடியை மாட்டிவிட்டு, பம்புக் குழாயின் நீளம் முழுக்கத் தள்ளி, வாசல் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ நின்றிருக்க வேண்டிய தூரம் அது. காற்று ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முடிவு செய்தேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நாளைக் காலை அந்தப் பழத்தை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போகிறேன். அவள் கையில் கொடுத்து நடந்ததைச் சொல்வேன். அவள் சொன்ன வார்த்தையால் நீ போகவில்லை, நான் சொல்லாத வார்த்தையால்தான் போனாய் என்று. அவள் கதவைச் சாத்திவிடலாம். திவ்யாவை என் பக்கம் விடாமலே இருக்கலாம். உனக்குப் பிறகு எனக்கு இருப்பது அவர்கள் இருவர் மட்டும்தான். சாத்தட்டும். அன்றைக்கு ராத்திரி அவள் ஒரு தட்டுச் சோறு தானாகப் போட்டுச் சாப்பிட்டால் போதும்.

நான் மழுப்பிவிடுவேன் என்று உனக்குத் தோன்றும். ஒருமுறை செய்தவள்தானே. அதனால் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருக்கிறேன். அவளிடம் சொன்ன பிறகுதான் ஒட்டிப் பத்திரிகைக்கு அனுப்புவேன். இது அச்சில் வந்தால், சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள் அண்ணே.

உன் கூடப் பிறந்தவள்,
வாணி