விதைநெல்லைப் பற்றி நீ சொன்னது

இன்று காலை சிவப்புப் பச்சையரிசி மூட்டையை அவிழ்த்துச் சின்னப் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தபோது கையில் ஒரு நெல் வந்தது. உமி கழலாத நெல், ஒன்றே ஒன்று. எறிந்திருக்க வேண்டும். எறியாமல் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். காம்போடு ஒட்டியிருந்த இடம் வழுவழுப்பாக இல்லை. பிய்த்தெடுத்த மாதிரி ஒரு சிறு பிசிறு இருந்தது.

வெங்காயப் பெட்டியோடு போன கடைக்கார அண்ணை நின்றார்.

“என்ன பிள்ளை, நெல்லுக்குச் சாதகம் பாக்கிறியோ?”

“இல்லை அண்ணை.”

“பாத்தால் எனக்கும் ஒருக்கால் பார். எப்ப லீவு வரும் எண்டு.”

நான் சிரிக்கவில்லை. உன்மீது கோபம் வந்துவிட்டது. நீ இறந்து பதினொரு மாதம் ஆகிறது. இறந்தவர்கள்மீது கோபப்படக் கூடாது என்கிறார்கள். இருக்கிறவர்கள் யார்மீதும் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை.

தானியத்தின் அடியைப் பார்க்கிற பழக்கம் நாம் இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. இங்கே கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியில் கடைசி வருடம். அதை முடிக்க எழுதும் ப்ரெவே தேர்வின் வாய்மொழிக்கு இருவராக ஒரு தலைப்பு எடுக்கலாம் என்றார்கள். வேட்டையாடியும் கிழங்கும் பழமும் தேடியும் அலைந்த மனிதர்கள் எப்படி விதைக்கத் தொடங்கினார்கள், எப்படி ஓரிடத்தில் தங்கினார்கள் என்பது என் தேர்வு. எழுதுவது பெரும்பாலும் நான், பேசுவது பெரும்பாலும் நீ. எனக்கு வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே பேச்சு நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். அப்படியும் ஐந்து நிமிடம் நானும் பேசியாக வேண்டும்.

நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பெரிதாக்கிய படம் ஒன்று இருந்தது. இரண்டு தானியங்கள். ஒன்றின் அடி வழுவழுப்பாக, மற்றதன் அடி கிழிந்து. காட்டுத் தானியம் பழுத்ததும் தானாக உதிர்ந்துவிடும், அதனால் அதன் அடி வழுவழுப்பு. மனிதர்கள் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததில் உதிராமல் கதிரைப் பிடித்துக்கொண்டிருந்தவை கூடுதலாக இருந்தன. அதில் மிஞ்சியதை விதைத்தார்கள். விளைந்ததை மறுபடி அறுத்தார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் போய், கடைசியில் உதிரவே தெரியாத தானியம் வந்தது. அதை யாராவது அடித்துப் பிய்க்க வேண்டும். மண்ணுக்குள் கிழிந்த அடி கொண்ட மணிகள் நிறையக் கிடைத்தால் அங்கே விதைத்து அறுத்தவர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

நாம் பிரெஞ்சில்தான் பேசுவோம். மற்றவர்களுக்கு விளங்கக் கூடாது என்றால் மட்டும் தமிழ். அன்று நீ தமிழில் சொன்னாய்:

“பாவம்டி. அதுக்கு ஓடிப்போகவே மறந்துபோச்சு.”

“ஓடத் தேவையில்லாமல் போச்சு எண்டு சொல்லு.”

அந்தச் சண்டை ஒரு மாதம் நடந்தது. நீ அலைந்தவர்கள் பக்கம். நாளில் கொஞ்ச நேரம் தேடிவிட்டு மீதி நேரம் கதை பேசித் தூங்கியிருப்பார்கள் என்றாய். விவசாயிகளுக்குப் பல் சொத்தை, முதுகு வளைவு. பெண்கள் நாள் முழுக்க முழங்காலிட்டு மாவரைத்து எலும்பு தேய்ந்துபோனார்கள். எல்லாம் புத்தகத்தில் இருந்தது, நானும் என் தாள்களில் எழுதினேன். ஆனால் நீ அதை எங்கே இருந்து சொன்னாய்? புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வந்த உன் தாத்தா வாங்கிய வீட்டில் இருந்து. உன் அறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருந்தன. கீழே உன் அப்பா சிறுவனாக இருந்தபோது அளந்தவை, பக்கத்தில் உன்னுடையவை. நீ அலைச்சலின் அழகைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எந்தக் கதவிலும் இரண்டாவது கோடு விழுந்ததில்லை.

“உனக்கு ஏன் விவசாயிங்க மேல இவ்ளோ பாசம்?” என்று கேட்டாய்.

சொல்லிவிட்டேன். அதுவரை யாருக்கும் சொல்லாததை.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா வன்னியில் வயல் செய்தவர். சண்டை எங்களைத் தள்ளிக்கொண்டு போனபோது முதலில் உழவு இயந்திரத்தை விட்டோம், பிறகு சட்டி பானையை. விதைநெல் பை மட்டும் அப்பாவின் தோளில் இருந்தது. தெரிந்த இலையும் தெரியாத இலையும் அவித்துத் தின்றோம். நான் அந்தப் பைக்குப் பக்கத்தில் படுத்து அழுவேன். “அது அடுத்த போகத்துக்குப் பிள்ளை” என்பார் அப்பா. இரண்டு கிழமை அப்படிச் சொன்னார். ஒருநாள் அவரே முடிச்சை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அம்மா கல்லில் வைத்து இடித்துக் கஞ்சி வைத்தார். அப்பா குடிக்கவில்லை. அதற்குப் பிறகு வயல் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இங்கே ரெஸ்தோரோனில் கோப்பை கழுவுகிறார்.

நீ அழுதாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய். யாரிடமும் சொல்லாதே என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூனில் வாய்மொழி. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆசிரியர்கள். உன் பங்கை நீ தண்ணீர் ஓடுவது மாதிரிச் சொல்லி முடித்தாய். நான் எழுந்தேன். முதல் வரி நாக்கின் நுனியில் இருந்தது, வெளியே வரவில்லை. ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். என் வரியை நீ எடுத்துக்கொடுப்பாய் என்று நினைத்தேன். நீ அவர்களைப் பார்த்து பிரெஞ்சில் சொன்னாய்:

“இவள் கூச்சப்படுகிறாள். ஆனால் இவள் கதையே நல்ல உதாரணம். இவர்கள் விவசாயிகள். போரில் தங்கள் விதைநெல்லையே சாப்பிட்டுவிட்டார்கள். அன்றோடு மறுபடி இலை பொறுக்கித் தின்னும் நாடோடிகளாகிவிட்டார்கள். வரலாறு பின்னாலும் போகும்.”

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். “அருமை” என்றார். பிறகு என்னிடம் இரக்கமாகக் கேட்டார், இப்போதாவது இங்கே பக்கத்தில் நிலையாக இருக்கிறீர்கள்தானே என்று. நான் தலையாட்டினேன். நீ திருத்தினாய்.

“இல்லை மதாம். இங்கே வந்தும் ஏழு வீடு. இப்போது பியர்ஃபித்தில் இருக்கிறார்கள்.”

பாடசாலைப் பதிவில் எங்கள் விலாசம் லா ஷப்பலில் சித்தப்பாவின் வீடு. அது உனக்குத் தெரியாது. விலாசம் என்பது ஒளித்துவைக்க வேண்டிய பொருளாக இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

உனக்கு நல்ல மதிப்பெண். எனக்கும் நல்ல மதிப்பெண். வாயே திறக்காமல்.

பத்து நாளில் சித்தப்பாவின் வீட்டுக்குக் கடிதம் வந்தது. லிசே என்கிற மேல்நிலைப் பள்ளிப் பதிவுக்குத் தற்போதைய வதிவிடச் சான்று கொண்டுவரும்படி. எல்லா வீட்டுக்கும் வந்த கடிதமாகவும் இருக்கலாம், அப்பா அப்படி நினைக்கவில்லை. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பள்ளிக்கூடத்திலை பியர்ஃபித் எண்டு ஆர் சொன்னது?”

நான் கடித உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

“உன்னட்டைத்தான் கேக்கிறன். ஆருக்குச் சொன்னனீ?”

“ஒருத்தருக்கும் இல்லையப்பா.”

“விசாக் கடதாசி கையிலை வருமட்டும் ஒருத்தருக்கும் வீடு தெரியக்கூடாது. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்.”

அந்த வீடு எங்கள் பெயரில் இல்லை. எங்களை வைத்திருக்கிறவருக்கும் அது வில்லங்கம். ஒரு வகுப்பு பின்தங்கியதால் எனக்கு அப்போதே பதினாறு முடிந்திருந்தது, அதற்கு மேல் படிப்பு கட்டாயமில்லை. படிக்காதே என்று அப்பா சொல்லவில்லை. சான்று கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். செப்டம்பர் வந்தது, நான் இந்தக் கடைக்கு வந்தேன். போய் உள்ளதைச் சொல்லியிருந்தால் பாடசாலையில் ஏதாவது வழி செய்திருப்பார்கள் என்று இப்போது கேள்விப்படுகிறேன். அப்போது நாங்கள் கேட்கவில்லை. கடதாசி இன்னும் வரவில்லை, நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம்.

நீ சொன்னதில் ஒன்றும் சரியில்லை. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லத்தான் எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. காட்டில் தேடித் தின்றவர்களுக்கு எந்த இலை எப்போது துளிர்க்கும், எந்தக் கிழங்கு நஞ்சு என்று தெரியும். அது அவர்கள் வீடு. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத இலையைத் தின்று தம்பி இரண்டு நாள் வாந்தி எடுத்தான். எங்களை நீ அவர்களோடு சேர்த்தது அவர்களுக்கும் அவமானம், எங்களுக்கும் அவமானம். விதைத்தவன் விவசாயி என்கிறது பாடப்புத்தகம். படத்தில் தாடி வைத்த ஒருவன் கை நிறைய விதையை வீசிக்கொண்டு நிற்பான். வீசுவது லேசான வேலை. பிள்ளை பசியில் அழும்போது வீட்டில் இருக்கிற தானியத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். முதலில் யாரோ ஒருத்தி அப்படி வைத்திருக்காவிட்டால் விதைக்க என்ன இருந்திருக்கும்? அந்த இரண்டு கிழமையும், ஒரு துண்டு நிலமும் இல்லாமல், என் அப்பா விவசாயியாகத்தான் இருந்தார். என் தாள்களின் கடைசிப் பத்தி இதுதான், அப்பாவைக் குறிப்பிடாமல். நீ அதை வாசித்திருந்தாய்.

நவம்பரில் நீ என்னைத் தேடி வந்தாய். கண்ணாடி வழியாகக் கண்டதும் பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

“அண்ணா, அவ இருக்காளா?”

அண்ணை ஒரு தரம் மூட்டைப் பக்கம் பார்த்தார். “இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லைத் தங்கச்சி.”

“இல்லாதவளோட பை கல்லாவுக்குப் பின்னாடி தொங்குதே.”

“அது என்ர பை.”

“பூப் போட்டதா?”

“ஏன், நான் பூப் போட்ட பை வைச்சிருக்கக் கூடாதோ?”

நீ சிரித்தாய். “சரி, அடுத்த வாரம் வர்றேன்னு அந்தப் பைகிட்டச் சொல்லுங்க” என்றாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். வரட்டும், பத்துத் தடவை வந்து கேட்கட்டும், அதுதான் தண்டனை என்று நினைத்தேன். நீ மூன்று தடவை வந்தாய். பிறகு வரவில்லை. அதற்குள் அலுத்துவிட்டதா என்று அதற்கும் கோபப்பட்டேன்.

இங்கே எங்கள் ஆட்கள் யாராவது செத்தால் படம் போட்ட அறிவித்தல் கடைக் கண்ணாடிகளில் ஒட்டப்படும். எங்கள் கடையில் ஒட்டுகிறவள் நான். உனக்கு அறிவித்தல் வரவில்லை. உங்கள் ஆட்கள் அப்படி ஒட்டுவதில்லை. ஜனவரியில் செத்துப்போனவள்மீது மார்ச் வரை, ஏன் வரவில்லை என்று கோபமாக இருந்தேன்.

மார்ச்சில் உன் அம்மா வந்தார். “நீதானே அந்தப் பொண்ணு?” என்றார். மூன்று நாள் காய்ச்சல் என்றார். அடுத்த முறை வந்தபோது ஒரு கோப்பைத் தந்தார், நம்முடைய வாய்மொழிக் கோப்பு. உள்ளே என் ஐந்து தாள்களும் உன் கையெழுத்தில் இருந்தன. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சில் அடையாளங்கள். மேலே ஒரு வரி: அவளுக்கு வார்த்தை வராவிட்டால்.

அதை வாசித்தால் கோபம் தணியும் என்று உன் அம்மா நினைத்திருக்க மாட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் நினைத்தேன். தணியவில்லை, கூடியது. என் வார்த்தைகள் முழுவதும் உனக்கு மனப்பாடமாக இருந்தன. அதைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு என் அப்பாவின் பையை எடுத்து அவிழ்த்தாய். ஆசிரியர்கள் நெகிழ்ந்துபோவார்கள், எனக்கு உதவும் என்று நினைத்திருப்பாய். அந்தக் கதை உனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அதெல்லாம் எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும், ஏன் என்று உன்னிடம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. மூட்டைக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்து மூன்று தடவை கேட்டிருக்கலாம். அதற்கு நான் என்மீதுதான் கோபப்பட வேண்டும். படுகிறேன்.

நெல்லை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு மீதி மூட்டையை நிரப்பி முடித்தேன். பதினொரு மணி போல உன் அம்மா வந்தார். கறிவேப்பிலை, முருங்கைக்காய். போகாமல் நின்றார்.

“நாங்க வீடு மாத்துறோம்மா.”

“ஏன் ஆன்ட்டி?”

“அந்தக் கதவு இருக்குற வீட்டுல என்னால இருக்க முடியல. அவ புஸ்தகமெல்லாம் ரெண்டு பெட்டி இருக்கு. உனக்குத்தான். கனம், நீ தூக்க மாட்ட. அட்ரஸ் சொல்லு, அவ அப்பா கார்ல கொண்டாந்து தருவாரு.”

என் வாய் பழக்கத்தில் சித்தப்பாவின் விலாசத்தைச் சொன்னது. உன் அம்மா கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தெருப் பெயர் வரை எழுதிவிட்டார்.

“இல்லை ஆன்ட்டி, தாங்கோ” என்று பேனாவை வாங்கினேன். அதை வெட்டிவிட்டு அதற்குக் கீழே பியர்ஃபித் என்று எழுதினேன். கட்டட இலக்கம், எந்தப் படிக்கட்டு, நாலாம் மாடி எல்லாம் எழுதினேன். மணியில் எங்கள் பெயர் இருக்காது, இடது பக்கக் கதவைத் தட்டச் சொல்லுங்கோ என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன்.