ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுறாங்களா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, பயந்துடாதீங்க. எங்க தையல் கம்பெனி விடுதியில லீவு நாள்லயும் கேட்டைப் பூட்டித்தான் வைப்பாங்க. போன ஞாயிறு பக்கத்து வீட்டுத் திருட்டை விசாரிக்க ஒரு போலீஸ் அம்மா வந்தாங்க. நான் துணிஞ்சு, "மேடம், எங்களைப் பூட்டி வைக்கச் சட்டத்துல இடமிருக்கா?"ன்னு கேட்டுட்டேன்.

வார்டன் அக்காவுக்கு முகம் செத்துப்போச்சு. "பெத்தவங்கதான் பூட்டச் சொல்றாங்க மேடம். இவ அப்பாவே சொன்னார்"னாங்க.

"சொந்தக் கால்ல நிக்கிற பொண்ணு. அப்பா சொன்னா சட்டமாயிடுமா? திறங்க"ன்னாங்க போலீஸ் அம்மா.

வெளிய போனேன். எனக்கு யாரைத் தெரியும்? தெருக்கோடி வரைக்கும் நடந்து, தனியா ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பிட்டேன். ஆனாலும் மனசு லேசா இருந்துச்சு.

உங்க மேல கோபமில்லப்பா, பயத்துல சொல்லியிருப்பீங்க. இனிமே நான் போன் பண்ணினா "காசு ஓடுது"ன்னு உடனே வச்சுடாதீங்க. ஓடுறது என் காசுதானே, கொஞ்சம் பேசுங்க. ஷிப்ட்டுக்கு மணி அடிச்சாச்சு. "என் பொண்ணு போனா வந்துடுவா"ன்னு வார்டன் அக்காகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கப்பா.

உங்க மூத்தவ