நான்காவது துண்டு

அன்பே,

இந்தக் காட்டில் செல்போன் எடுப்பதில்லை. உன் சித்தப்பா ரெய்னோ மதியம் இஷ்பெமிங்குக்கு ஊர் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கட்டிக் கொடுத்த இறைச்சி அடைத்த பாஸ்டி நேற்றே தீர்ந்துவிட்டது. பனி முழங்கால்வரை கிடக்கிறது.

இன்று காலையும் சுட்டுத் தவறவிட்டேன். கொம்பு மான் பதினைந்து அடியில்தான் நின்றது. வேட்டை முகாமுக்குத் திரும்பியதும், குறி தவறியவனுக்குச் செய்யும் உங்கள் வழக்கப்படி உன் அப்பா என் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடித்தார். வருடத்துக்கு ஒன்றாக, என் பெயரில் அது நான்காவது துண்டு.

“துப்பாக்கி ஸ்கோப்ப மறுபடியும் ஒம்பது மடங்குல வெச்சிருக்கீங்களே மாப்ள! இவ்ளோ கிட்டத்துல மானா தெரியும்? வெறும் மயிருதான் தெரியும்.”

“தொட்டுப் பாத்துட்டுச் சுட்டிருக்கலாமே மச்சான்!” என்று உன் அண்ணன் ஆர்வோ விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

எல்லா நேரமும் மயிர் மட்டுமே தெரிவதில்லை. இன்று ஒரு கண் தெரிந்தது. இமைமுடியில் பனித்துகள் ஒட்டியிருந்தது.

உன் அப்பாவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. திருப்புளியை எடுத்து ஸ்கோப்பையே கழற்றிவிட்டார். “நாளைக்கு நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். வெறுங்கண்ணால குறி வைங்க. இந்த வருஷமும் வெறுங்கையோட அனுப்பமாட்டேன்.”

சித்தப்பாவோடு நானும் கிளம்பியிருப்பேன். என்ன காரணம் சொல்வது?

நாளை மான் விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கிழியாத சட்டையோடு வாசலில் வந்து நிற்பேன். தயவுசெய்து என்னைப் பாராட்டாதே.

உன் கணவன்