மெர்வ் கடை பர்கரில் இரண்டாவது பீட்ரூட்

அன்புள்ள பெவ்,

வரிகள் மேலும் கீழுமாகப் போவதற்கு மன்னித்துக்கொள். இந்த வயதில்தானே எழுதப் படிக்கக் கற்றேன், பேனா இன்னும் என் சொல் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே எழுதியது! உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று சுரங்க முகாமில் சாப்பிடும்போது மெர்வின் பர்கர் கடையைப் பற்றிப் பேச்சு வந்தது. மெர்வ் கெரால்டன் துறைமுகத்தில் தள்ளுவண்டியில் தொடங்கி, கடற்கரை ஊர்களிலெல்லாம் கடை போட்ட கதையை லாரி ஓட்டும் ரெஜி சொன்னான். அவனும் நம் வயதுக்காரன்தான்.

"கெரால்டன் கடையில சுருட்டை முடிப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சுடா. எல்லாருக்கும் பர்கர்ல ஒரு பீட்ரூட் துண்டு. எனக்கு மட்டும் ரெண்டு வைப்பா. என்மேல ஒரு கண்ணு!"

அது நீ. எனக்கும் இரண்டு வைத்தாய். அந்தத் தைரியத்தில்தான் உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டேன்.

"அவ என் பொண்டாட்டிடா" என்றேன்.

"அடப்பாவி! என் பீட்ரூட்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டியே கெழவா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. சுருட்டை முடியோடு இருக்கும் உன் படம் ஒன்றும் வை. ரெஜியிடம் காட்ட மாட்டேன்.

பெவ், அவனுக்கும் இரண்டு வைத்தாயா? போனில் சொல்லாதே, எழுது. இப்போது நானே படித்துக்கொள்வேன்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. பதில் எப்படியிருந்தாலும் அடுத்த வாரம் எழுதுவேன். அவன் சொன்னது உண்மையென்றால், அவனுக்கு வைத்தது மெல்லிய துண்டு என்றாவது எழுது.

உன் லெஸ்